பத்துத் தகரத்துக்குப் பால் காய்ச்சியவள்

"மொய் எழுதவா அட்வான்ஸ் கேட்கிறீங்க?"

உமாமகேஸ்வரி பேனாவை மூடி வைத்தாள். எதிரே சமையல்காரி சண்முகவள்ளி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி நின்றாள்.

"ஆயிரம் ரூவா போதும்மா. சாயல்குடியில கல்யாணம். போயிட்டு சாயங்காலக் கஞ்சிக்கு வந்துருவேன்."

"இந்த ஆவணியில இது மூணாவது தடவைக்கா. விசேஷ வீடுன்னா உங்களுக்குக் கால் தரையில நிக்காதா? கிடையாது, போங்க."

சண்முகவள்ளி அடுப்படிக்குப் போனாள்.

உமாவுக்கு எரிச்சல் அடங்கவில்லை. அவள் இந்த மையத்துக்குப் பொறுப்பாளராக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன தையில் அவள் கல்யாணத்துக்கு இதே சண்முகவள்ளி வந்து ஆயிரத்தொரு ரூபாய் எழுதினாள். மேலதிகாரியைக் காக்காய் பிடிக்கிறாள் என்று புருஷனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள் உமா.

இப்போது சிரிக்கிற நிலைமை இல்லை. கமுதி வட்டாரத்தில் பார்க்க ஆளில்லாத நாற்பத்திரண்டு கிழடுகளுக்கு இந்த மையம்தான் தினமும் கஞ்சி ஊற்றுகிறது. பணம் கொடுத்து வந்த கம்பெனி இந்த மாதத்தோடு கையை விரித்துவிட்டது. புதிய கம்பெனி ஒன்று தருவதாகச் சொல்லி, ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மையம் தொடங்கிய நாளிலிருந்து யார் யார் பணத்தில் நடந்தது என்று, ஒரு மாதம்கூட விடாமல் எழுதித் தர வேண்டும்.

எழுதிவிட்டாள். முதல் பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டுப் பணம். பிறகு அரசாங்கத் திட்டம். கடைசியாகக் கம்பெனி. நடுவில் பதினான்கு மாதம் மட்டும் ஓட்டையாக நின்றது.

அந்தப் பதினான்கு மாதமும் ஒரு நாள்கூட அடுப்பு அணையவில்லை. பழைய நோட்டில் ஒரே ஒரு வரவு இருந்தது. 'பால் காய்ச்சிய வரவு ரூ.1,43,000.'

பொருளாளர் செல்லச்சாமி உள்ளே வந்தார். மிளகாய் விவசாயி, ஆரம்ப நாளிலிருந்து கணக்கு அவர் கையில்தான்.

"ஐயா, இது யார் வீட்டுப் பணம்?"

அவர் நோட்டைப் பார்த்தார். முகம் மாறியது.

"அத விட்டுரு தாயி."

"விட்டா அவங்க பணம் தர மாட்டாங்க. அடுத்த மாசம் கஞ்சி கிடையாது. அப்புறம் இன்னொண்ணு, சமையலுக்கு வேற ஆள் பாருங்க. சண்முகவள்ளிக்கு இங்க இருக்கிற வேலையை விட விசேஷ வீட்டுச் சாப்பாடுதான் பெருசாப் போச்சு."

செல்லச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருந்தேன். இனி சொல்லாம இருந்தா எனக்குப் பாவம். அவ பிள்ளையில்லாதவ. காதுகுத்து, கல்யாணம்னு விசேஷம் வைக்க வழியே இல்ல. மையத்துக்குப் பணம் நின்ன வருஷம் வீட்டுக் கூரைக்குப் பத்துத் தகரம் மாத்துனா. அதுக்குப் பத்திரிகை அடிச்சு, பால் காய்ச்சி, ஊரையே கூப்பிட்டா. பத்துத் தகரத்துக்கு விசேஷமான்னு ஊரே சிரிச்சது. நானுந்தான் சிரிச்சேன். ஆனா பத்திரிகை வச்சுட்டா மொய் எழுதாம இருக்க முடியுமா? மறுநாள் காலையில அந்த மொய்ப் பணத்தை, பை அவிழ்க்காம இந்த மேசையில வச்சுட்டுப் போனா."

உமா பழைய நோட்டில் அந்த வரவைத் திரும்பப் பார்த்தாள்.

"வாங்குன மொய்ய அவுக வீட்டு விசேஷத்துல திருப்பி எழுதணும்ல. ஆறு வருஷமா சம்பளத்துல எழுதிட்டு வாரா. எழுத்துத் தெரியாது. நான்தான் பேரைப் பார்த்து அடிச்சுக் குடுப்பேன்."

அலமாரியிலிருந்து ஒரு மொய் நோட்டை எடுத்து அவள் முன் வைத்தார். பக்கம் பக்கமாகப் பெயர்கள், ஏறக்குறைய எல்லாமே அடிக்கப்பட்டிருந்தன. மூன்றாம் பக்கத்தில் உமாவின் கண் நின்றது.

'மிளகாய் மண்டி தங்கப்பாண்டி, ரூ.1001.' குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில், 'மகள் கல்யாணம், தை.'

அது அவளுடைய அப்பா.

உமா கைப்பையிலிருந்து ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். சண்முகவள்ளி உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. கல்யாணத்துக்குப் போங்க, கஞ்சியை நான் பாத்துக்கிறேன். அந்தப் பதினாலு மாசத்துக்கு உங்க பேரைத்தான் எழுதப்போறேன். ஊருக்கும் சொல்லப்போறேன்."

சண்முகவள்ளி பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"ஊர்க்காரவுக மொய்னு எழுதுங்கம்மா, அது பொய்யில்லையே. எம் பேரைச் சொல்லிராதீக. இன்னும் பதினேழு வீடு பாக்கி இருக்கு. விசயம் தெரிஞ்சா ஒருத்தரும் திருப்பி வாங்க மாட்டாக. அப்ப நான் ஊரை ஏமாத்தித் தின்னவளாயிருவேன்ல?"