சும்மா பார்க்க வந்தோம்

கட்டிலை ஜன்னலுக்குக் கீழே போடலாம் என்றான் அவன். வெயில் முகத்தில் அடிக்கும் என்றாள் மனைவி. அவர்களிடம் புதுக் கட்டிலும் கிடையாது, அந்த வீடு அவர்களுடையதும் கிடையாது.

இது அவர்களுடைய சனிக்கிழமை விளையாட்டு. பிள்ளைகள் இரண்டும் ஓவிய வகுப்பில் இருக்கும் நேரத்தில், பக்கத்துத் தெருக்களில் எங்கே ‘வாடகைக்கு’ என்று பலகை தொங்குகிறதோ அங்கே சாவி வாங்கி உள்ளே போவார்கள். குடிவரப் போகிறவர்கள் மாதிரி அறை அறையாகப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து மூடுவார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிடுவார்கள்.

யோசனை அவனுடையதுதான். லிப்ட் மெக்கானிக் சம்பளத்தில் சினிமா என்றால் நாலு டிக்கெட், ஓட்டல் என்றால் சின்னவன் கீழே சிந்துவதற்கும் சேர்த்துக் காசு. பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டுப் போகலாம் என்றால், அந்த யாராவது அவர்களுக்கு வாய்க்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு போனைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்கள். பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரைக்கும் சும்மா போய்த் திரும்பினார்கள், அவள் தூங்கிவிட்டாள்.

மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வருகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துச் சிரித்து, வீட்டுக்கு வரும்போது சிரிப்பு தீர்ந்துபோயிருக்கும். சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட்டாலாவது தேவலை என்று அவனுக்குத் தோன்றும்.

கேட்டதற்குப் பதில் வரும், தட்டில் சாப்பாடு வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. ஊசி போட்ட தாடை மாதிரி மரத்துப்போயிருந்தது வீடு. அவளை எப்படியாவது பழையபடி பேச வைத்துவிட வேண்டும். அவனுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஏழெட்டு வீடு பார்த்தாயிற்று. எல்லா வீட்டிலும் அவன்தான் வாய் ஓயாமல் அளந்தான், அவள் தலையாட்டினாள்.

இன்று இந்த மாடி வீட்டுப் பலகையைக் காட்டியதும் அவள் நின்றுவிட்டாள். இது வேண்டாம் என்றாள். படி அதிகம், கால் வலிக்கிறது என்றாள். லிப்ட் ஓடாத கட்டடத்தில் எல்லாம் படியேறித்தான் நான் சம்பாதிக்கிறேன், ஒரு வீட்டுக்கு நீ ஏறக் கூடாதா என்று அவன் கிண்டல் செய்தான். அதற்குள் கீழே கடை வைத்திருந்த சலூன்காரர் சாவியை எடுத்து நீட்டிவிட்டார். அவளும் பின்னாலேயே ஏறினாள்.

சின்ன வீடு. ஒரே அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. நாலு பேர் படுத்தால் ஒருத்தர் கால் வாசலுக்கு வெளியே கிடக்கும். விளையாட்டுக்கு இது போதும் என்று கட்டிலில் ஆரம்பித்தான் அவன்.

சமையலறை இருட்டாக இருந்தது. அவன் சுவரைத் தடவிக்கொண்டிருக்கும்போதே அவள் கதவுக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டாள். கண்ணைக் கட்டி விட்டாலும் பெண்களுக்கு எந்த வீடும் பழகிவிடும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பிறகு அவள் பேசினாள்.

“அடுப்பு இந்தப் பக்கம். நின்னுக்கிட்டே வெளிய பாக்கலாம். அந்த மூலையில ஒரு நாற்காலி. காலைல டீ ஆறிப்போறதுக்குள்ள குடிச்சிடலாம்.”

அவன் ஆடிப்போனான். இவ்வளவு வார்த்தையை ஒரே மூச்சில் அவள் வாயிலிருந்து கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று, டிவியை எங்கே வைப்பது என்று கேட்டான்.

“டிவி வேணாம்,” என்றாள். “சத்தமே வேணாம்.”

பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்று கேட்க வாயெடுத்தான். கேட்டால் மறுபடியும் மௌனத்துக்குள் போய்விடுவாளோ என்று பயந்து விழுங்கிக்கொண்டான்.

அவள் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்கள் இறங்கி, மூச்சு நிதானமாக வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தவன், கைக்காசு செலவில்லாமல் பெண்டாட்டியைத் திரும்ப வாங்கிவிட்டோம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான். அடுத்த வாரமும் இங்கேயே வரலாமா என்று கேட்டான். அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மாள் கதவு நிலையைப் பிடித்தபடி வந்து நின்றார். வீடு போன வாரமே பேசி முடிந்துவிட்டது, பலகையைக் கழற்ற மறந்துபோயிற்று, பாவம் சலூன்காரருக்கும் சொல்லவில்லை, வீணாக உங்களைப் படியேற வைத்துவிட்டோம் என்று வருத்தப்பட்டார்.

“பரவால்லைங்க, சும்மா பாக்கத்தான் வந்தோம்,” என்றான் அவன். மனைவிக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது, வீட்டில் இந்தப் பேச்சு பேச மாட்டாள் என்று பெருமையாகப் பால்கனியைக் காட்டினான்.

அவள் திரும்பவில்லை. வீட்டுக்கார அம்மாள்தான் இரண்டடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

“ஏம்மா, நீ தனி ஆளுன்னுல்ல சொன்னே?”