கல்மேல் வைக்காத போல்ட்

மூன்றாம் முறை அளந்தபோதும் போல்ட் நீளமாகவே இருந்தது.

முதலில் பத்து மைக்ரான் கூடுதல். பிறகு இருபது. இப்போது முப்பது. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆனால் அளக்கும் கருவிகள் சரியா என்று பார்க்கவே வைத்திருக்கும் அளவுப் போல்ட் அது. அதன் நீளம் மாறவே கூடாது.

யெப்பே மீயொலிக் கருவியின் முனையைத் துடைத்தான். புதிதாக ஒரு சொட்டு கிளிசரின் வைத்து, போல்ட்டின் தலையில் அழுத்தினான். ஒலி உள்ளே போய், அடியில் மோதித் திரும்பியது.

முப்பத்தைந்து.

ட்ரூல்ஸ் கதவில் சாய்ந்து நின்றான். கடலில் நிற்கும் காற்றாலைக் கோபுரத்தின் போல்ட்களை முறுக்கி, இதே கருவியால் நேற்று அளந்துவிட்டு வந்தவன். கருவி பொய்யென்றால் அத்தனையையும் தளர்த்தி மறுபடி முறுக்க வேண்டும். எஸ்பியர் துறைமுகத்தில் கப்பல் அவனுக்காகக் காத்திருந்தது.

“இது சொல்றத நம்பித்தான் நான் நூறு மீட்டர் மேல உக்காந்து ரொட்டி திங்கிறேன், யெப்பே. பொய்யா மெய்யா, சொல்லித் தொலை.”

விடுப்பு முடிந்து யெப்பே அன்றுதான் வந்திருந்தான். பட்டறைத் தலைவி பென்டே காலையிலேயே சொல்லிவிட்டாள்: இந்த ஒரு கருவியைப் பார்க்கட்டும். ஒழுங்காகப் பார்த்தால் சான்று முத்திரை மறுபடி அவன் கைக்கு வரும். இல்லாவிட்டால் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை.

பென்டே வந்தாள். திரையைப் பார்க்கவில்லை. போல்ட்டைப் பிடித்திருந்த அவன் இடது கையைப் பார்த்தாள்.

“போல்ட்ட கல்லு மேல வை.”

அளவுப் போல்ட் கருங்கல் பலகையில் கிடந்து அறையின் குளிர்ச்சிக்கு வந்திருக்கும். அங்கேயே வைத்துத்தான் அளப்பார்கள். தொடுவதானால் கையுறையோடு. வெறுங்கையில் பிடித்தால் உடம்புச் சூடு ஏறும். சூடேறிய போல்ட்டைக் கருவி நீளமாகக் காட்டும்.

சேர்ந்த புதிதில் எல்லோரும் செய்கிற தப்பு. யெப்பே புதியவன் இல்லை.

ட்ரூல்ஸ் சிரித்துவிட்டான். தப்பு செய்தவன் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம்.

“மாட்டினான்யா! நாளைக்குக் கேக். எனக்கு அந்த ஏலக்காய்க் கேக்தான் வேணும், சிக்னெகிட்ட சொல்லி...”

நிறுத்திக்கொண்டான்.

சிக்னெயின் சவப்பெட்டியை அவனும் ஒரு பக்கம் தூக்கியிருந்தான். உயிர் போன பிறகும் யெப்பே விடியும்வரை மனைவியின் சில்லிட்ட கையை விடவில்லை என்று அன்று யாரோ அவன் காதில் சொன்னார்கள்.

“கடையில வாங்கிட்டு வரேன்,” என்றான் யெப்பே.

போல்ட் கல்மேல் ஆறியது. காத்திருந்து, கையுறை மாட்டிக்கொண்டு அளந்தான்.

சரியான நீளம். கருவி மெய். கோபுரத்தில் எதையும் தளர்த்த வேண்டாம் என்று கப்பலுக்குச் சொல்ல ட்ரூல்ஸ் ஓடினான்.

பென்டே சான்றிதழை மேசையில் வைத்தாள். முத்திரை அவள் கையிலேயே இருந்தது.

“மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாத. சொன்னா இத உன்கிட்ட குடுக்க முடியாது.”

“மறக்கல. பத்து காட்டினப்பவே தெரியும்.”

அவள் முத்திரையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் சான்றிதழில் நேராக, நிதானமாகப் பதித்தான்.

“தெரிஞ்சும் எதுக்கு அதைப் பிடிச்சுக்கிட்டே இருந்த?”

யெப்பே கல்மேல் கிடந்த போல்ட்டைப் பார்த்தான்.

“இது சூடாச்சு, பென்டே.”