இடது கன்னம் மட்டும்

அவளுடைய இடது கன்னத்தில் மட்டும் முடி அரும்பிக்கொண்டிருந்தது. வலது கன்னம் வழுவழுவென்றே இருந்தது. இரத்தப் பரிசோதனையிலும் கோளாறில்லை. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்தாள்.

“மீசையும் வந்துட்டா சொல்லு, என் ரேசரைத் தர்றேன்,” என்றான் கணவன், மருத்துவர் எதிரிலேயே.

தோல் மருத்துவரின் பார்வை அவனுடைய தொப்பிக்குப் போனது. “சார், தலைக்கு ஏதாவது போடுறீங்களா?”

“நானா? வழுக்கை எங்க பரம்பரைச் சொத்து மேடம். அதுக்கு மருந்து போடுறவன் முட்டாள்.”

“தொப்பியைக் கழட்டுங்க.”

உச்சியில் கைக்குழந்தைக்கு இருப்பதுபோல் மென்முடி படர்ந்திருந்தது.

“முடி வளர்ற லோஷன்தானே? எப்போ தடவுறீங்க?”

“இவ தூங்கினதும்...” அவன் குரல் இறங்கியது. “தடவின கையோட படுத்துடுவேன். தலையணை பிசுபிசுன்னு ஆயிடும். இவ கண்டுபிடிச்சு கிண்டல் பண்ணக் கூடாதேன்னு காலையில இவ தலையணையோட மாத்தி வச்சிடுவேன். பிசுபிசுப்பைத் தன் தலை எண்ணெய்னு நினைச்சுக்குவா.”

அவள் இடப்பக்கம் சாய்ந்துதான் தூங்குவாள்.

“ஏங்க, உங்க தலைக்குப் போட்ட எருவுக்கு என் கன்னத்துல அறுவடையா?”

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அந்த மருந்து பட்ட இடத்துல வேலை செய்யும், ஆள் பார்க்காது. இனிமே சாயங்காலமே தடவி, நல்லாக் காஞ்சப்புறம் படுங்க. தலையணையை மாத்தாதீங்க. இவங்க கன்னத்து முடி சில மாசத்துல தானா உதிர்ந்துடும்.”