தாய்மாமன் மாலை

“மாப்ள, காதுகுத்துக்கு நீ மட்டும் வா. ஜினோ வேணாம்.”

போனில் அழகுராஜா எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்.

“ஏன் மச்சான்?” என்றான் அசோக்குமார். அழகுராஜாவின் மனைவி அஸ்வினிக்கு ஒரே தம்பி.

“எனக்கு ஒண்ணுமில்லப்பா. நீயும் ஜினோவும் சேர்ந்து வாழுறதை நான் என்னைக்காவது தப்பாப் பேசியிருக்கேனா? எங்கப்பாதான் பிரச்சினை. காலமெல்லாம் காட்டு வேலை பாத்த மனுசன். இதெல்லாம் அவருக்கு எங்க புரியப்போகுது? சபையில ஏதாச்சும் சொல்லிட்டாருன்னா உனக்குத்தான அசிங்கம்?”

“சரி மச்சான். அக்கா மகளுக்குக் காது குத்த என் மடி வேணும். வந்து உக்காருறேன். ஆனா கை நனைக்க மாட்டேன். குத்தி முடிச்சதும் கெளம்பிருவேன்.”

அழகுராஜாவுக்குத் திக்கென்றது. சீர் கொண்டுவந்த தாய்மாமன் சாப்பிடாமல் போவதென்றால் அது லேசுப்பட்ட விஷயமா? அஸ்வினி ஆயுசுக்கும் அழுவாள். தம்பி இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்.

இருந்தாலும், “அதை அப்பப் பாத்துக்கலாம்” என்று போனை வைத்துவிட்டார்.

அழகுராஜா லேசான ஆள் இல்லை. பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியர். போன வாரம்தான் அங்கே ஒரு கருத்தரங்கில் சட்டையில் வானவில் பேட்ஜ் குத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கியிருந்தார்.

“ஆணும் ஆணும் வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. கல்யாணத்துக்குத்தான் இன்னும் வழியில்லை. ஏன்? சட்டம் என்றைக்கோ கிளம்பிவிட்டது நண்பர்களே, நம்முடைய கிராமங்கள்தான் இன்னும் பஸ் ஏறவில்லை!”

சக பேராசிரியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தப் போட்டோதான் இப்போது அவருடைய வாட்ஸ்அப் முகப்பில் இருக்கிறது.

திருமங்கலம் மண்டபத்தில் காலையிலேயே கூட்டம் அம்மியது. அசோக்குமார் சீர்த்தட்டுகளோடு தனியாக வந்தான். எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். அக்கா முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை.

“என்னங்க, தம்பி டீகூட வேணாங்கிறான்” என்று அஸ்வினி கண் கலங்கிப்போய் வந்து நின்றாள்.

மேடையில் ஆசாரி பொறுமை இழந்தார். “நல்ல நேரம் முடியப் போகுதுங்க. பாப்பாவோட தாத்தா எங்க? அவரு மாலை போட்டாத்தான தாய்மாமன் உக்கார முடியும்?”

தாத்தா காசிமாயன் மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பை. மீசையை முறுக்கியபடி ரோட்டையே வெறித்துக்கொண்டிருந்தார்.

அழகுராஜாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஜினோ வந்தால் வாசலோடு விரட்டத்தான் இந்தக் காவல். நல்லவேளை, முன்னாடியே சொல்லிவைத்தோம் என்று நினைத்துக்கொண்டே ஓடினார்.

“உள்ள வாங்கப்பா. கவலைப்படாதீக, அந்தப் பையன் வரமாட்டான். வேணாம்னு சொல்லிட்டேன்.”

காசிமாயன் திரும்பினார். “எந்தப் பையன்?”

“ஜினோ. நம்ம அசோக்கோட இருக்கானே...”

“யாரைக் கேட்டுச் சொன்ன?”

“உங்களுக்குப் பிடிக்காதுன்னுதான்...”

“எனக்கா?” கிழவரின் குரல் ஏறியது. “போன ஐப்பசியில எனக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணப்ப நீ எங்கடா இருந்த?”

“டெல்லியில... மனித உரிமைக் கருத்தரங்கு...”

“நாலு நாளும் ஆஸ்பத்திரியில கெடந்தது அசோக்கும் அந்தப் புள்ளையும்தான். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டவன் ஜினோ. அப்பவே அசோக்கு எங்கிட்ட ஒடச்சுச் சொல்லிட்டான், ‘மாமா, நாங்க ஒரு குடும்பமா இருக்கோம்’னு. மொத நாளு எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ரெண்டு நாளு படுத்துக்கிட்டே யோசிச்சேன். நல்லா இருங்கடான்னு சொல்லிட்டேன்.”

பையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரே அளவில் இரண்டு ரோஜா மாலைகள்.

“தாய்மாமனுக்கு ஜோடியாத்தான மாலை போடுறது நம்ம வழக்கம்? அவனைக் காணோமேன்னு ஒரு மணி நேரமா இங்கன நிக்கிறேன். எம் பேரைச் சொல்லி நீ அவனை வரவிடாமப் பண்ணிட்டு வந்து நிக்கிற!”

காசிமாயன் செல்போனை எடுத்துக் காதில் வைத்தார்.

“யய்யா ஜினோ, எங்க இருக்க? ...அசோக்கை எறக்கி விட்டுட்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்காந்திருக்கியா? அங்கனயே இரு. நானே வாரேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொபெட்டில் ஏறினார். அழகுராஜா பதறிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பா, வேணாம்ப்பா. சொன்னாக் கேளுங்க.”

“கையை எடுடா. ஊரு என்ன சொல்லுமோன்னு பயப்படுறியா? ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

அழகுராஜா மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார். மூன்றாவது வரிசை. போன வாரம் எழுந்து நின்று கைதட்டிய அத்தனை பேரும் அங்கே வரிசையாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“ஊரு கெடக்கட்டும்ப்பா... எங்க காலேஜ்காரங்க எல்லாரும் வந்திருக்காங்களே!”