ஓவர்சியர் வீட்டுப் புல்

கயிறு நன்றாகத்தான் வந்தது. மெஷின்தான் உயிர் பிடிக்கவில்லை.

ஞானசிகாமணி புல்வெட்டும் மெஷினை இடது கையால் தரையோடு அழுத்திக்கொண்டு, வலது கையால் மறுபடி கயிற்றை மேலே இழுத்தார். ஒரு முனகல். அதோடு சரி.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் வாழைகளுக்கு நடுவே புல் முழங்காலைத் தாண்டிவிட்டது. உள்ளே போன கோழியைச் சத்தத்தை வைத்துத்தான் தேட வேண்டியிருந்தது.

மின்வாரியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பாறசாலை வட்டாரத்தில் எந்த வீட்டுக்குக் கரண்ட் எங்கே நின்றுபோனது என்பதைக் கம்பத்தடியில் நின்றே சொல்லிவிடுவார். சொந்தத் தோட்டத்தில் இப்படித் தோற்றுக்கொண்டிருந்தார்.

பெட்ரோலை மாற்றியாயிற்று. ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தாயிற்று. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டியாயிற்று. நடுவில் ஆட்டுக்குப் பலா இலை போட்டார், தண்ணீர் மோட்டாரை நிறுத்த ஓடினார், திரும்பி வந்து இழுத்தார்.

வேலிக்கு அப்பால் பக்கத்துத் தோட்டத்துத் தாசையன் ரப்பர் பால் வாளியோடு நின்று வேடிக்கை பார்த்தான்.

"சாரே, அதுக்கு இனி மெக்கானிக்கு வேண்டாம் கேட்டோ. போதகரை விளிச்சு ஜெபம் பண்ணச் சொல்லும்."

"முதல்ல ஒனக்க பைக்குக்கு ஜெபம் பண்ணுடே. தெனமும் தள்ளிட்டுல்லா வாற."

தாசையன் சிரித்துக்கொண்டே போனான்.

உண்மையில் மெஷினைவிடப் பெரிய கவலை அந்த வலது தோள்தான். கிறிஸ்துமஸ் கழிந்ததும் இறுகிப்போனது. சட்டை போட மனைவி ரோஸ் வேண்டும். தலை சீவ ரோஸ் வேண்டும். இப்படியே விட்டால் கை ஒருநாளும் மேலே போகாது என்று நெய்யாற்றின்கரையில் பிசியோதெரபி செய்யும் பெண் பயமுறுத்தி, பச்சை நிறத்தில் அகலமான ரப்பர் நாடா ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். காலையும் மாலையும் மெதுவாக மேலே இழுக்க வேண்டுமாம்.

"சின்னப் பிள்ளையளுக்க விளையாட்டு" என்று அவர் அதை எடுத்து ஆட்டுக்கூட்டின் கதவைக் கட்டிவிட்டார்.

அன்றிரவு ரோஸ் அதிக நேரம் ஜெபம் செய்தாள். சண்டை போடவில்லை.

பிறகு மெஷின் படுத்துக்கொண்டபோதும் அவள் சலித்துக்கொள்ளவில்லை. "நீங்க இருக்கும்போ மெக்கானிக்கு எதுக்கு? காலையும் சாயங்காலமும் மெதுவா இழுத்துப் பாருங்க" என்றாள். அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மாதமாக இரண்டு வேளையும் இழுத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு ஏதோ தோன்றி, பிளக்கின் தலையில் மாட்டுகிற கேப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்னவோ அடைத்திருந்தது. ஒரு ஈர்க்கை விட்டு நோண்டினார்.

நகமளவு பச்சை ரப்பர். மடித்துச் செருகியது.

எலி மடித்து வைக்காது.

ஆட்டுக்கூட்டுக்குப் போய்ப் பார்த்தார். கதவில் கட்டிய நாடாவின் ஒரு மூலை கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது.

ரப்பரில் கரண்ட் போகாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். கல்யாணமான புதிதில், லிபி பிறப்பதற்கு முன்பே, செருப்பில்லாமல் ஸ்விட்சைத் தொடாதே என்று மிரட்டிய நாளில்.

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது.

கூட்டுக்குப் பக்கத்தில் சாம்பக்காய் மரம் பூத்து நின்றது. வலது கையை மெல்லத் தூக்கினார். தோள் தாண்டியது. காது தாண்டியது. தலைக்கு மேலே கிளை விரலில் தட்டியது. நம்பிக்கை வராமல் அதைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். ரோஜா நிறப் பூநார்கள் பொலபொலவென்று அவர்மேல் கொட்டின.

"ரோஸே" என்று கத்த வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

கை மேலே போகிற மனிதனுக்கு யார் தலை சீவிவிடுவார்கள்?

திரும்பி வந்தார். பச்சைத் துண்டை முன்போலவே மடித்துக் கேப்புக்குள் செருகினார். அடுக்களைக்குக் கேட்கும்படி இரண்டு தடவை கயிற்றை இழுத்தார். தலையில் கிடந்த பூவைத் தட்டிவிட்டு, பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார்.

ரோஸ் சீப்போடு வந்தாள்.

"ஸ்டார்ட் ஆச்சா?"

"மாட்டேங்கு."

"கை எதுவரைக்கும் வருகு?"

அவர் தோள்வரை தூக்கி, முகத்தைச் சுளித்துக் காட்டினார். "இவ்வளவுதான்."

ரோஸ் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, கசங்கியிருந்த அரைக்கைச் சட்டையின் கையை இழுத்து உதறினாள். அக்குள் பக்கமிருந்து ரோஜா நிற நார்கள் படியில் உதிர்ந்தன.

அவள் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். கிளை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாள்.

அவர் படியில் கிடந்த நார்களைக் காலால் மெல்ல ஒதுக்கினார்.

"லிபிக்க அப்பா, அந்த மெஷின் சரியாக இன்னும் கொஞ்ச நாளாவும்னு தோணுகு."

"ஆவும் ஆவும்" என்றார் அவர்.

ரோஸ் வகிடு எடுத்தாள். நேராகத்தான் வந்தது. அதைக் கலைத்துவிட்டு, முதலிலிருந்து சீவத் தொடங்கினாள்.