சிவப்பு வளையமிட்ட லைன்

1979 நவம்பர் 12, பிற்பகல் மூன்று மணி: ரிங்லெட் ஊருக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்ட ஆபீசில் வெளியே பேச இரண்டு டெலிபோன் லைன்கள் இருக்கின்றன. தொழிலாளர் அவசரத்துக்கானது மண் சரிவில் அறுந்துவிட்டது. டெலிபோன் இணைப்புப் பலகையில் சிவப்பு வளையமிட்ட மற்றது தோட்ட நிர்வாகியான துரைக்கு மட்டும். அவர் பேசும்போது யாரும் அதைத் தொடக் கூடாது. இப்போது அவர் கோலாலம்பூரோடு பேசிக்கொண்டிருக்கிறார். பலகை முன் உட்கார்ந்து இணைப்புக் கொடுக்கும் தெரசம்மாளின் காதில் அவருடைய சிரிப்பு கேட்கிறது. வாசலில் தோட்டத் தொழிலாளி நாகப்பனின் சட்டையிலிருந்து மழைநீர் சொட்டுகிறது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அவன் மனைவி வேலாயிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. “தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா.” ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ஜன்னலைப் பார்த்தபடி, “தொரை முடிக்கட்டும்லா,” என்கிறார். “அவரு முடிக்கிறதுக்குள்ள இவ முடிஞ்சிருவாங்கய்யா,” என்கிறான் நாகப்பன். தெரசம்மாள் சிவப்பு வளையத்துக்குக் கை நீட்டுகிறாள். அவள் இணைப்பைப் பிடுங்குகிறாள். சிரிப்பு பாதியில் நிற்கிறது. உள்ளறையில் நாற்காலி பின்னே தள்ளப்படும் சத்தம். ஆஸ்பத்திரி எண்ணை அவள் இரண்டு முறை தப்பாகச் சுழற்றுகிறாள். மூன்றாவது முறை மணி அடிக்கிறது. காலடிகள் கதவை நெருங்குகின்றன. கிராணி எழுந்து நிற்கிறார். அவள் திரும்பிப் பார்க்காமல் டெலிபோனில் தோட்டத்தின் பெயரையும் வேலாயியின் லய வீட்டு எண்ணையும் சொல்கிறாள்.

ஆம்புலன்ஸ் நாலேகாலுக்கு வருகிறது. வேலாயி பிழைக்கிறாள், குழந்தை பிழைக்கவில்லை. தெரசம்மாளுக்கு ஆபீஸ் வேலை போகிறது. மறுநாள் காலை கொழுந்து பறிக்கப் பெயர் கொடுக்கிறாள்.