டூரிங் வண்டி

"சாவி எங்கிட்ட இருக்கு. இப்ப தள்ளிக்கிட்டே போடா மெயின்லேண்டுக்கு."

வைஜெயந்தி போட்ட சத்தத்தில் ஷாதிபூர் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மகன் ஸ்ரீதர் பைக்கின் கைப்பிடியை விடவில்லை. சாவியைக் கொடுத்தால்தான் ஆச்சு என்றான்.

அறுநூற்றைம்பது சிசி வண்டி. அது வந்த நாளிலிருந்தே தெருவுக்குக் கண் உறுத்தல். ஆபீஸ் போகவும் அதுதான், ஞாயிற்றுக்கிழமை சீறிப் பாயவும் அதுதான். ஊர் ஊராகச் சுற்றவும் ஏற்றதாம். எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்து நிற்கும் தீவில், எந்த ஊரைச் சுற்றுவது?

எதிர்வீட்டுச் சந்திரமதிக்கு அந்தக் கவலை இல்லை. வண்டூர் ரோட்டில் அவன் பின்னால் ஹெல்மெட் மாட்டிய பெண் ஒருத்தி உட்கார்ந்து போனதைப் பார்த்தாள். வைஜெயந்தியிடம் சொன்னாள். நல்ல மனசு, மற்ற வீடுகளையும் விட்டுவைக்கவில்லை.

இன்று சென்னைக் கப்பல் புறப்படும் நாள். ஸ்ரீதரோ காலையிலேயே வண்டியின் இருபுறமும் பெட்டி மாட்டியிருந்தான். வேறென்ன வேண்டும்?

"அரே, எவளோ வந்து எம்புள்ளையக் கூட்டிட்டுப் போக விட்டுருவேனா? கப்பல் போற வரைக்கும் நீ இந்த கேட்டைத் தாண்ட மாட்டே."

சமாதானம் பேச வந்த தங்கை ஷோபனாவை, "உனக்கு இங்க என்ன வேலை, உள்ள போ" என்று ஸ்ரீதர் விரட்டினான். அவள் முகம் சுண்டி உள்ளே போனாள்.

ஒரு மணி நேரமாகியும் ஓயாமல் சண்டை முற்றியது. அம்மாவின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கப் பாய்ந்தான். அப்பா அழகையா கையை ஓங்கிவிட்டார். சந்திரமதி அடுப்பில் மீன்குழம்பை மறந்து கேட்டருகே நின்றாள். ஓங்கிய கை இறங்குமா என்று தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

கப்பல் துறையான ஹாடோ ஜெட்டியிலிருந்து சென்னைக் கப்பலின் சங்கு நீளமாக ஒலித்தது.

ஸ்ரீதர் கைப்பிடியை விட்டான். "சரிம்மா, சாவிய நீயே வச்சுக்கோ" என்றான், பரம சாதுவாக.

வைஜெயந்தி ஜெயித்த முகத்தோடு தெருவை ஒரு சுற்றுப் பார்த்தாள். அண்ணனுக்கு டீ போடச் சொல்லி ஷோபனாவைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. பின்கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

ஸ்ரீதர் இன்னும் கல்யாணமாகாமல் ஷாதிபூரில்தான் இருக்கிறான். அன்று ஹெல்மெட் மாட்டி அவன் பின்னால் போன ஷோபனாவும் வண்டூர் படகுக்காரன் விஜயனும் சென்னையில் இறங்கிய கையோடு கல்யாணம் முடித்து, அதன் பக்கத்துக் கோவளத்தில் குடித்தனம் நடத்துகிறார்கள்.